விரல் தேய்ந்துவிட்டது என்று சொன்ன மூன்று நாட்கள்

நம் போடி அரசு சேவை மையத்தில் நான் பதினோரு வருடம் விரல் பிடித்தவள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அது என்ன வேலை என்று தெரியாமல் இருக்கலாம். ரேகை எடுக்கும் கருவியின் கண்ணாடி மேல் வருகிறவரின் விரலைச் சரியாக வைத்து, நழுவாமலும் அதிகம் அழுத்தாமலும் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூட்டிப் பெருக்கவும் குடிதண்ணீர் எடுத்து வைக்கவும்தான் என்னைச் சேர்த்தார்கள். ஒருநாள் ஒரு பெரியவரின் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற நான் பிடித்தேன், ரேகை விழுந்தது. அன்றிலிருந்து அதுவே என் சோலி ஆகிவிட்டது.

என் ஊர் ராசிங்காபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷில் பெரிய எழுத்தாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. நான் வேலையை விட்டு நின்ற பிறகு, மையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் மல்லிகா, "புதுப் பிள்ளைகளுக்கு நீங்க நாலு வார்த்தை சொல்லணும் பெரியம்மா" என்றாள். பேச முடியாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

நாலு விஷயம் எழுத நினைத்தேன். ஒன்றுதான் எழுத வருகிறது.

நம்மிடம் வருகிறவர்களில் செல்போன் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு விரல் தேவைப்படாது. போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால் போதும். போன் இல்லாதவர்கள்தான் விரல் வைக்க வேண்டும். போடியில் அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கிற பெண்கள். பச்சைக் காயைக் கிள்ளக் கிள்ள அதன் சாறு விரலில் ஏறிக் கறுக்கும். வருடக்கணக்காகக் கிள்ளினால் ரேகையே மழுங்கிப் போகும். அதற்காக ஒரு சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீரும், பிழிந்த எலுமிச்சைத் தோலும், பழைய வேட்டித் துணியும் வைத்திருப்பேன். தேய்த்துத் துடைத்துப் பிடித்தால் பாதிப் பேருக்கு விழுந்துவிடும். விழாதவர்களிடம் ஒரு வாக்கியம் சொல்வேன்: "விரல் தேஞ்சு போச்சு தாயி. ராத்திரிக்குத் தேங்காயெண்ணெய் போட்டுட்டு நாளைக்கு வா."

அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். திங்கள்கிழமை காலை மல்லிகா கம்ப்யூட்டரைப் போட்டதும் பிரவுசரின் முகம் மாறியிருந்தது. மேலே இருக்கும் பட்டை உருண்டையாக, நிறம் வெளிறி இருந்தது. "தானா அப்டேட் ஆகியிருக்கு பெரியம்மா" என்றாள். அதற்குள் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். முதல் ஆளின் பக்கத்தைத் திறந்தாள். மேலே இடது மூலையில் ஒரு சின்னப் பெட்டி விழுந்தது. அதில் இரண்டு பொத்தான்கள். மல்லிகா ஒன்றைத் தட்டினாள், பெட்டி போய்விட்டது. கண் சிமிட்டும் நேரம்தான்.

அவள் மேல் தப்பில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் யாரோ எதையோ தட்டி, கம்ப்யூட்டர் முழுக்க விளம்பரமாக வந்து இரண்டு நாள் வேலை கெட்டது. நமக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்கார பாய் அப்போது வந்து சரி செய்துவிட்டு, "கேக்காம வந்து நிக்கிற எதுக்கும் சரின்னு சொல்லாதீக. வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க" என்று சொல்லிப் போனார். மல்லிகா அதை வேதவாக்காக வைத்திருந்தாள். நல்ல விதிதான். ஆனால் அன்று வந்து நின்றது விளம்பரம் இல்லை.

அன்று நான் பிடித்த முதல் விரலிலேயே எனக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கருவிக்குள் எப்போதும் மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் இருக்கும். மல்லிகா பொத்தானைத் தட்டியதும் அது பளிச்சென்று ஏறும். விரலின் ஓரம் எல்லாம் செக்கச்செவேல் என்று தெரியும். மல்லிகா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், விரல் வைப்பவர் மல்லிகாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் ஏறுவதைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான். அன்று அது ஏறவில்லை. மங்கலாகவே இருந்தது.

சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஒருமுறை, ஏதோ ஒயர் கழன்றிருக்கிறது என்று நினைத்துச் சொன்னேன். கழலவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், "ஆத்தா எந்தக் காலேஜுல இஞ்சினீயர் படிச்சுச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, விளையாட்டுக்குச் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. வெளிச்சம் ஏறாததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், படித்தவர்களுக்குத் தெரியாததா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் திங்கள்கிழமைதான் பேச்சியம்மா வந்தாள். குரங்கணிக்காரி, ஐம்பது வயது இருக்கும். அவள் கணவருக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் புண் வந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. அதைத் திறந்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் செலவுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை வேண்டும். ரேசன் கார்டில் குடும்பத் தலைவி பேச்சியம்மா. அவள் விரல் வைத்தால் அட்டை அன்றைக்கே கைக்கு வந்துவிடும். கணவரைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு அதற்காகத்தான் ஊருக்கு வந்திருந்தாள்.

பத்து விரலும் வைத்துப் பார்த்தோம். எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. மல்லிகா உதட்டைப் பிதுக்கினாள்.

"விரல் தேஞ்சு போச்சு தாயி" என்றேன்.

"ஆமாக்கா. முப்பது வருசமாக் காய் எடுத்த கை. போன மாசங்கூட எடுத்தேன்" என்றாள். கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

"எண்ணெய் போட்டுட்டு நாளைக்கு வா."

அன்று விரல் வைத்த யாருக்கும் விழவில்லை. எல்லாரும் மலைக்காரர்கள், எல்லார் கையும் கறுப்பு. அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊர்க்காரர் ஒருவர், மென்மையான கையோடு, போன் இல்லாமல் வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வரவில்லை. காய் எடுப்பு நேரம், இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். வரிசையில் நின்ற ஒரு பெண், "ஏன்க்கா, எங்க மேஸ்திரி மாதிரி இந்த மிசினுக்கும் எங்களக் கண்டா ஆகாதா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை பேச்சியம்மா முதல் ஜீப்பில் இறங்கி, நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே வந்து நின்றாள். கையெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. மறுபடி பத்து விரல். மறுபடி சிவப்பு வரி. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டதாகச் சொன்னாள்: "காலு கறுக்க ஆரம்பிச்சிருச்சாம்க்கா. அட்டை எப்ப, அட்டை எப்பன்னு கேக்குறாக." நான் என்ன சொன்னேன் தெரியுமா? கறை இன்னும் போகவில்லை, நன்றாகத் தேய்க்க வேண்டும் என்றேன்.

நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதை மறக்காமல் இருக்கத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதன்கிழமை அவள் வந்தாள். முந்தானையைச் சுற்றிக் கையை மூடியிருந்தாள். "இன்னைக்கு விழுந்துரும்க்கா. கறை பூரா எடுத்துட்டேன்" என்றாள். துணியை விலக்கினாள்.

ஓடையில் உட்கார்ந்து சுண்ணாம்பைப் போட்டுக் கல்லில் உரசியிருக்கிறாள். நுனித் தோல் உரிந்து, சதை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு விரலில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அவள் முகத்தில் வலி தெரியவில்லை. வீட்டுப்பாடத்தைச் சரியாக முடித்து வந்த பிள்ளையைப் போல என்னைப் பார்த்தாள்.

அந்த விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைக்க எனக்குக் கை வரவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. மல்லிகா பொத்தானைத் தட்டிவிட்டு, "வைங்க பெரியம்மா" என்றாள். கருவி மங்கலாகவே இருந்தது. நான் என்னுடைய விரலை வைத்தேன்.

"ஐயோ, என்ன செய்றீக? அடுத்தவங்க பேருக்கு உங்க விரலை வைக்கக் கூடாது!"

"தெரியும். திரையில என்ன வருது, பாரு."

"அதே வரிதான்."

"வேற ஆளு விரலை வெச்சா, இது அவுக விரல் இல்லன்னுல்ல சொல்லணும்? எதுக்கு அதே வரி வருது?"

மல்லிகா திரையை உற்றுப் பார்த்தாள். முதல் தடவையாக அந்தச் சிவப்பு வரியை முழுதாக வாசித்தாள். ரேகை பொருந்தவில்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை. ரேகை எடுக்கப்படவில்லை என்றுதான் எழுதியிருந்தது. மூன்று நாளும் அதேதான் எழுதியிருந்தது. நிறத்தைப் பார்த்தே அவள் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மல்லி, இது விரலைப் பார்க்கவே இல்லடி" என்றேன். "திங்கக்கெழமையிலேர்ந்து வெளிச்சமே ஏறல."

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நான் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மல்லிகா பாய்க்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாயா, ஒயரை மாற்றினாயா என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியில், "வெளிச்சம் ஏறலன்னு யாரு பார்த்தது?" என்று கேட்டிருக்கிறார். போனை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பேச்சியம்மா விரல்களை விரித்தபடி, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போனை வாங்கினேன்.

"அக்கா, சனிக்கெழமை ஓடுச்சா?"

"ஓடுச்சு பாய்."

"அப்ப சனிக்கும் திங்களுக்கும் நடுவுல என்ன மாறுச்சு? பேரு தெரியாட்டிப் பரவாயில்ல. கண்ணுல பட்டதைச் சொல்லுங்க."

எனக்குப் பெயர் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன். மேல் பட்டை உருண்டையாகிவிட்டது. திங்கள் காலை, முதல் ஆளுக்கு, இடது மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இரண்டு பொத்தான். ஒன்றைத் தட்டியதும் போனது. அப்புறம் வரவே இல்லை.

"அதுதான்" என்றார். "இந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்குற கருவிகளோட பேசலாமான்னு அது உத்தரவு கேட்டிருக்கு. புதுசா வந்த பழக்கம். நீங்க வேணாம்னு சொல்லிட்டீக. அதுவும் சரின்னு பேசாம இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுப் போனை மல்லிகாவிடம் கொடுத்தேன். பாய் சொல்லச் சொல்ல, மேலே முகவரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குறியைத் தட்டி, அனுமதி என்று மாற்றினாள். பக்கத்தை மறுபடி திறந்தாள். வெளிச்சம் பளிச்சென்று ஏறியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பேச்சியம்மாவின் விரலை வைத்தேன். விழவில்லை. அடுத்தது, விழவில்லை. இப்போது கருவி பார்த்தது. பார்க்க அங்கே ரேகைதான் இல்லை. நான் தேய்க்கச் சொல்லி அவள் தேய்த்து எடுத்துவிட்டாள். ஒவ்வொரு விரலையும் வைக்கும்போது அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். ஒன்பது விரல் முடிந்தது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் காய் எடுப்பதற்கு உதவாது, கறையும் ஏறாது, அதனால் அதை அவள் உரசவில்லை. அது விழுந்தது.

"சுண்டு விரலாவது மானத்தைக் காப்பாத்துச்சு" என்றாள் பேச்சியம்மா. அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னால உங்களுக்கு மூணு நாளா ஒரே தொந்தரவு. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்சுக்கு ஓடினாள்.

எங்கள் பேச்சு எதுவும் அவளுக்குப் புரியவில்லை. பெட்டி, பொத்தான், அனுமதி எல்லாம் எங்கள் சங்கதி. அவள் கண்ணால் பார்த்தது, நாங்கள் ஏதோ செய்த பிறகும் தன் ஒன்பது விரல் விழவில்லை என்பதைத்தான். அவளைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருக்கலாம். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் கணவருக்கு அடைப்பைத் திறப்பதற்கு நேரம் கடந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே காலையே எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் முன்னால் அட்டை கிடைத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அவ்வளவுதான் தெரியும்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒருவருக்கு விழவில்லை என்றால், அவர் விரலைக் குறை சொல்லும் முன் கருவியைச் சந்தேகப்படுங்கள். சிவப்பு வரியைப் பார்க்காதீர்கள், வாசியுங்கள். காலையில் திறந்ததும் எது புதிதாகத் தெரிந்தாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அற்பமாக இருந்தாலும். உங்கள் பக்கத்தில் கூட்டுகிற அம்மா ஏதாவது சொன்னால் சிரிக்காதீர்கள். நீங்கள்தான் அந்த அம்மா என்றால், சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் இப்போது மல்லிகா சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள், பார்த்திருப்பீர்கள்.

சுவரில் ஒட்ட முடியாதது ஒன்று உண்டு.

இரண்டு மாதம் கழித்துக் குரங்கணி ஜீப்காரர் மையத்துக்கு வந்தார். பேச்சியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "தோட்டத்துக்குப் போறதில்ல ஆத்தா. என் கைதான் அவுக காலை வாங்கிருச்சுன்னு யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கிட்டிருக்கு. சோறு பிசையக்கூட அந்தக் கையைப் பார்த்தா வெறுப்பா இருக்குங்குது" என்றார்.

அன்று முழுக்க நான் யார் விரலையும் சரியாகப் பிடிக்கவில்லை. மல்லிகாவிடம் சொன்னேன். அவள் அழுதாள். "நானும் வர்றேன் பெரியம்மா" என்றாள். வேண்டாம், தேய்க்கச் சொன்னவள் நான், நான் போகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போனேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். இறங்கும்போது எல்லாம் மறந்து போனது. அவள் வீட்டு வாசலில் காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்தாள். கணவர் உள்ளே கட்டிலில், காலின் மேல் போர்வையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கை தானாகப் புடவைக்குள் போனது.

"வாங்கக்கா. அட்டையில எதும் குத்தமா?"

"குத்தம் அட்டையில இல்ல பேச்சி. உங்கையிலயும் இல்ல."

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். மூன்று நாளும் எங்கள் மிசின் அவள் விரலைப் பார்க்கவே இல்லை என்றேன். அதன் வாயை நாங்களே அடைத்து வைத்திருந்தோம், அது எங்களுக்குத் தெரியவில்லை என்றேன். முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்தது, கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை என்றேன். உலகத்தில் எந்த விரலை வைத்திருந்தாலும் அந்த மூன்று நாள் விழுந்திருக்காது என்றேன்.

அவள் கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தாள். தோல் புதிதாக வந்திருந்தது.

"அப்ப நான் தேச்சுக்கிட்டு வந்து நின்னப்ப, உனக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"இருந்தும் தேய்க்கச் சொன்ன."

"ஆமா."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணவர் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"கேட்டீகளா? காலை வாங்குனது எங்கை இல்லையாம்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. "எங்கை இல்லையாம்ங்க. மிசினு பார்க்கவே இல்லையாம். நீங்களே அவுகளக் கேளுங்க. எங்கை இல்லையாம்."

அவர் அந்தக் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் வாசலில் காப்பிக்கொட்டையை மிதித்துவிடாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.